ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வருமா?

இரட்டையர் ஆராய்ச்சியில் வேலை செய்கிறேன் என்று சொன்னதும் கேட்பவர்கள் எல்லாரும் ஒரே கேள்விக்குத்தான் வருவார்கள். "ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவருக்கும் வருமாமே, உண்மையா?" பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் கேட்டிருக்கிறார். கலியாண வீட்டில் கேட்டிருக்கிறார்கள். வைத்தியர்களும் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வியை நான் ஒருநாளும் தட்டிக்கழிப்பதில்லை. எங்கள் தொழில் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. ஒருவருக்கு ஒரு வருத்தம் வந்தால் மற்றவருக்கும் வருகிறதா? எத்தனை சோடிகளில் வருகிறது? வராதவர் எப்படித் தப்பினார்?

ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்த ஒருகரு இரட்டையருக்கு மரபணு ஏறக்குறைய முழுவதும் ஒன்றுதான். இரண்டு முட்டைகள் தனித்தனியே கருக்கட்டிப் பிறந்த இருகரு இரட்டையர் மரபணுவில் சாதாரண அக்கா தங்கை, அண்ணன் தம்பி போல. சராசரியாகப் பாதிதான் பொது. ஆனால் இரு வகையினரும் ஒரே வயிற்றில் இருந்து, ஒரே வீட்டில், ஒரே காலத்தில் வளர்கிறார்கள். ஒருகரு சோடிகளில் ஒரு நோய் இருவருக்கும் சேர்ந்து வருவது இருகரு சோடிகளைவிட மிக அதிகமாக இருந்தால் அந்த நோயில் மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டிலும் ஒரே அளவென்றால் வீட்டையும் ஊரையும் பார்க்க வேண்டும். ஒருகரு சோடியிலேயே ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் இருந்தால், அந்தச் சோடியை நாங்கள் விடமாட்டோம்.

எங்களுக்குப் பயிற்சி தந்த நாட்களில் இதைப் புரியவைக்கச் சொல்லித் தந்தது புகையிலைக் கதை. 1950களில் புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வருவதைப் பலரும் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் புள்ளியியலில் அன்று பெரிய பெயராயிருந்த ரொனால்ட் ஃபிஷர் அதை ஏற்கவில்லை. புகைக்கத் தூண்டும் மரபணுவே புற்றுநோயையும் கொண்டுவரலாம், ஒருகரு இரட்டையர் புகைப்பழக்கத்தில் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் பாருங்கள் என்று 1958இல் எழுதினார். சிகரெட் கொம்பனிகளுக்கு இது நல்ல கேடயமாயிற்று. அந்த வாதத்தை வெல்ல இரட்டையரே வேண்டியிருந்தது. சுவீடனில் இரட்டையர் பதிவேடு 1950களின் கடைசியில் தொடங்கப்பட்டபோது புகைத்தலையும் குடியையும் ஆராய்வதே அதன் முக்கிய நோக்கம். பின்லாந்தில், ஒருவர் புகைப்பவராகவும் மற்றவர் புகைக்காதவராகவும் உள்ள சோடிகளை 12 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1989இல் முடிவை வெளியிட்டார்கள். ஒருகரு சோடிகளிலும் முதலில் இறந்தவர்களில் பெரும்பாலானோர் புகைத்தவர்கள். மரபணு ஒன்று, சிகரெட் மட்டும்தான் வேறு. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

இலங்கை இரட்டையர் பதிவேடு 1997இல் தொடங்கியது. மனநல மருத்துவர் அதுல சுமதிபால அதை முன்னின்று தொடங்கியபோது, வறிய நாடொன்றுக்கு இது தேவையா என்று கேட்டவர்கள் உண்டு. நான் தமிழ் பேசும் வீடுகளுக்கான கள ஆய்வாளராக இந்தத் துறைக்குள் வந்தேன். ஆரம்பத்தில் விளம்பரங்களைப் பார்த்துவிட்டு இரட்டையர்கள் தாங்களாகவே பெயர் பதிந்தார்கள். ஒரே மாதிரி உடுத்து, தோளோடு தோள் நின்று எடுத்த படங்களையும் அனுப்பினார்கள். பார்க்க மனம் நிறையும். ஆனால் ஆராய்ச்சிக்கு அது போதாது. தாமாக முன்வரும் இரட்டையரில் மூன்றில் இரண்டு பங்கு பெண்களாகவும், மூன்றில் இரண்டு பங்கு ஒருகரு சோடிகளாகவும் இருப்பார்கள் என்று உலகெங்கும் இந்தத் துறையில் ஒரு கணக்கு உண்டு. ஒருவரோடொருவர் நெருக்கமாயிருப்பவர்கள்தான் சோடியாக வருவார்கள். முகம் பார்க்காமல் காணிச் சண்டையில் பிரிந்திருக்கும் அண்ணன் தம்பி வரமாட்டார்கள். நோயாளி வரமாட்டார். நாட்கூலிக்குப் போகிறவருக்கு நேரம் கிடையாது. இவர்களை விட்டுவிட்டு எடுக்கும் எந்த எண்ணும் நாட்டின் எண்ணாகாது.

அதனால் வீடு வீடாகப் போக வேண்டி வந்தது. கொழும்பு மாவட்டத்தில் வாக்காளர் இடாப்பைப் புதுப்பிக்கும் வேலையோடு சேர்த்து, இரட்டையர் உண்டா என்ற கேள்வியும் கேட்கப்பட்டது. அப்படி 19,000க்கு மேற்பட்ட இரட்டையர்கள் கணக்கில் வந்தார்கள். அவர்களிலிருந்து எழுமாறாகத் தெரிவு செய்து, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தனியாகப் பிறந்தவர்களையும் சேர்த்து நடத்தியதுதான் 2000களின் நடுப்பகுதியில் செய்த பெரிய கொழும்பு ஆய்வு. 4,024 இரட்டையர்களும் தனியாகப் பிறந்த 2,019 பேரும் பங்குபற்றினார்கள். நாங்கள் போய்க் கேட்ட இரட்டையரில் பத்தில் ஒன்பது பேர் சம்மதித்தார்கள். மேல்நாட்டு ஆய்வுகளில் இவ்வளவு பங்கேற்பு அரிது.

அந்தப் பத்தில் ஒன்பதுக்குப் பின்னால் இருந்த நடை எனக்குத் தெரியும். போர்க்காலம். கொழும்பில் ஒரு தமிழ் வீட்டுக் கதவைத் தட்டி, யார் யார் இருக்கிறீர்கள், வயதென்ன, எந்த ஊர் என்று படிவத்தோடு கேட்பவரை எப்படிப் பார்ப்பார்கள் என்று அந்த நாட்களில் அங்கே இருந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கம்பிக் கதவைத் திறக்காமலே பதில் சொல்வார்கள். இரட்டையர் என்று இடாப்பில் இருக்கும். கேட்டால், மற்றவர் இங்கே இல்லை, எங்கே என்றும் தெரியாது என்பார்கள். நான் அந்த வீடுகளில் படிவத்தை வெளியே எடுப்பதில்லை. பெயரைச் சொல்லிவிட்டு நிற்பேன்.

"பிள்ளை எந்தப் பக்கம்?"

"கரவெட்டி, அம்மா."

"கரவெட்டியில் எவடம்?"

எவடம் என்று கேட்டுவிட்டால் கதவு திறக்கப் போகிறது என்று அர்த்தம். பிறகு கோயிலைச் சொல்ல வேண்டும், பள்ளிக்கூடத்தைச் சொல்ல வேண்டும், யாருடைய பேத்தி என்று சொல்ல வேண்டும். தேத்தண்ணி வந்த பிறகுதான் இரட்டையர் பேச்சு. சில வீடுகளில் அன்றைக்கு அந்தப் பேச்சே வராது. மறுபடி போக வேண்டும். கிராண்ட்பாஸ் பக்கத்து முஸ்லிம் வீடுகளிலும், மலையகத்திலிருந்து வந்து குடியிருந்தவர்களின் தோட்ட லயன்கள் போன்ற வீடுகளிலும் கேள்விகள் வேறு, ஆனால் பொறுமை அதேதான். ஆய்வுக் கட்டுரையில் இதெல்லாம் 'பயிற்றப்பட்ட ஆய்வாளர்கள் வீடுகளுக்குச் சென்றனர்' என்ற ஒற்றை வரியாக முடிந்துவிடும்.

உள்ளே போனதும் முதல் வேலை, இந்தச் சோடி எந்த வகை என்று அறிவது. முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அறுபது வயதில் ஒருவர் வெயிலில் வேலை செய்தவர், மற்றவர் அலுவலகத்தில் இருந்தவர் என்றால் முகம் ஏமாற்றும். அதனால் சின்ன வயதைப் பற்றிக் கேட்போம். தெரியாதவர்கள் உங்களை மாற்றிக் கூப்பிட்டார்களா? வகுப்பு ஆசிரியர் தடுமாறினாரா? பெற்றோருக்கே குழப்பம் வந்ததா? இந்தச் சாதாரணக் கேள்விகளே ஏறத்தாழ நூற்றில் 95 சோடிகளுக்கு மரபணுச் சோதனையோடு ஒத்துப்போகும் விடையைத் தந்துவிடும்.

இதில் நான் அடிக்கடி கண்ட தடை நஞ்சுக்கொடி. "எங்களுக்கு இரண்டு நஞ்சுக்கொடி, ஆகவே நாங்கள் ஒருகரு இல்லை என்று பிரசவம் பார்த்தவர் சொன்னார்" என்று இரட்டையர்கள் உறுதியாகச் சொல்வார்கள். உண்மையில் ஒருகரு இரட்டையரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்குத் தனித்தனி நஞ்சுக்கொடிதான். கரு முதல் சில நாட்களுக்குள்ளேயே பிரிந்துவிட்டால் அப்படித்தான் ஆகும். ஒரே நஞ்சுக்கொடி இருந்தால் ஒருகரு என்று அநேகமாக நம்பலாம். இரண்டு இருந்தால் எதையும் முடிவு செய்ய முடியாது. மருத்துவம் படித்தவர்களிடமும் இந்தத் தவறு இருக்கிறது. ஐம்பது தாண்டிய இரண்டு சகோதரிகளிடம், நீங்கள் ஒருகரு இரட்டையர் என்று மரபணு முடிவைச் சொன்ன நாள் நினைவில் நிற்கிறது. வாழ்நாள் முழுக்க அக்கா அழகி, தங்கை கெட்டிக்காரி என்று ஊர் பிரித்து வைத்திருந்தது. அவர்கள் ஒருவரையொருவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு தங்கை கேட்டது: "அப்ப அக்காவுக்கு இருக்கிற பிரஷர் எனக்கும் இருக்குமா?" அளந்தோம். இருந்தது. அன்று வரை அவர் ஒரு முறையும் அளந்து பார்த்ததில்லை.

வகை தெரிவது ஆராய்ச்சிக்கு மட்டும் உரிய விஷயமில்லை. 1954 டிசம்பர் 23ஆம் திகதி பொஸ்டனில் ஜோசப் மறேயின் குழு ரொனால்ட் ஹெரிக்கின் சிறுநீரகத்தை எடுத்து அவருடைய இரட்டைச் சகோதரர் ரிச்சர்ட்டுக்குப் பொருத்தியது. நீடித்து வெற்றிபெற்ற முதல் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை அது. மாற்று உறுப்பை உடல் தள்ளிவிடாமல் தடுக்க நல்ல மருந்து இல்லாத காலம். இருவரும் ஒருகருவா என்பதை உறுதிசெய்ய, ஒருவரின் தோலை மற்றவருக்கு ஒட்டிப் பார்த்தார்கள். அது பிடித்துக்கொண்ட பிறகே கத்தியை எடுத்தார்கள். ரிச்சர்ட் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார்.

கொழும்பு ஆய்வில் எங்களுக்குக் கடினமான பகுதி மனச்சோர்வு பற்றிய நேர்காணல். வாழ்நாளில் எப்போதாவது இரண்டு கிழமை தொடர்ந்து மனம் இருண்டு, பிடித்தது எதுவும் பிடிக்காமல், நித்திரையின்றி, சாப்பாடின்றி இருந்ததுண்டா என்று படிப்படியாகக் கேட்க வேண்டும். இதைத் தனியே இருந்து கேட்க வேண்டும். எங்கள் வீடுகளில் தனியே என்பது எளிதா? மாமியார் பக்கத்தில் வந்து இருப்பார். அவரை அனுப்பவும் கூடாது, அவர் முன்னால் கேட்கவும் கூடாது. விறாந்தைக்குப் போவோமா என்போம், கிணற்றடியில் நின்று பேசுவோம். பெண்கள் முதலில் மறுப்பார்கள். பத்து நிமிடத்தில் கதை வரும். சிலர் அதுவரை எவரிடமும் சொல்லாததைச் சொல்வார்கள். அழுபவரை விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போகக்கூடாது என்பது நான் புதியவர்களுக்குச் சொல்லித் தந்த முதல் விதி. ஆண்கள் அப்படியில்லை. "அப்படி ஒன்றும் இல்லை" என்று தொடங்கி, "அப்படி ஒன்றும் இல்லை" என்றே முடிப்பார்கள்.

முடிவு வந்தபோது எங்கள் எல்லாரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. மனச்சோர்வில் ஆளுக்காள் காணும் வேறுபாட்டில் மரபின் பங்கு பெண்களில் 61 விழுக்காடு. ஆண்களில் 4 விழுக்காடு. ஒரே மாவட்டம், ஒரே கேள்வி, ஒரே ஆய்வாளர்கள்.

இந்த இடத்தில்தான் இரட்டையர் ஆராய்ச்சியை அதிகம் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 61 என்றதும், ஒரு பெண்ணின் துயரத்தில் 61 பங்கு பிறப்பிலேயே வந்தது, இனி எதுவும் செய்ய முடியாது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது முற்றிலும் பிழை. அந்த எண் எந்தத் தனி மனிதரைப் பற்றியும் பேசவில்லை. அந்தக் காலத்தில், அந்த இடத்தில், அந்த மக்களுக்கிடையே ஒருவருக்கும் மற்றவருக்கும் உள்ள வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதையே அது சொல்கிறது. காலம் மாறினால் எண்ணும் மாறும். இதற்கு நான் எப்போதும் எடுத்துச் சொல்லும் சான்று சுவீடனில் கெனத் கெண்ட்லரும் அவருடைய சகாக்களும் 2000இல் வெளியிட்ட ஆய்வு. 1925க்கு முன் பிறந்த பெண்களில் புகைப்பழக்கத்துக்கு மரபின் பங்கு பூச்சியம். 1940க்குப் பின் பிறந்த பெண்களில் 63 விழுக்காடு. ஒரு தலைமுறைக்குள் மரபணு மாறிவிடுமா? மாறியது சமூகம். பெண் புகைத்தால் அவமானம் என்றிருந்த காலத்தில், புகைக்கத் தூண்டும் மரபணு இருந்தவளும் புகைக்கவில்லை, இல்லாதவளும் புகைக்கவில்லை. கட்டுப்பாடு தளர்ந்ததும் மரபணுவுக்கு இடம் கிடைத்தது. ஆண்களுக்கு எந்தக் காலத்திலும் தடை இல்லை. அவர்களுடைய எண்ணும் பெரிதாக மாறவில்லை.

கொழும்பு ஆண்களின் 4 பற்றி என் சொந்த எண்ணத்தைச் சொல்கிறேன். வேலையின்மை, கடன், குடி, போர் ஆகியவை அவர்களை மரபணு பார்க்காமல் அடித்தன என்பது ஒரு காரணமாயிருக்கலாம். இன்னொன்று, அவர்கள் வாய் திறக்கவில்லை. உடம்பு உளைவு, தலையிடி, களைப்பு என்று சொல்வதற்கு அவர்களுக்கு வழியிருந்தது. மனம் உடைந்தது என்று சொல்வதற்கு இல்லை. எந்த ஆய்வும் அதற்குக் கிடைத்த பதில்களைவிட உண்மையாக இருக்க முடியாது. கதவடியில் நின்று அந்தப் பதில்களை எழுதியவள் என்ற வகையில் இதை உரத்துச் சொல்லும் கடமை எனக்குண்டு.

2012இல் தொடங்கி 2015 வரை அதே ஆட்களிடம் மறுபடி போனோம். இம்முறை சீனி வருத்தம், இரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு, கொழுப்பு, சிறுநீரகம். ஏறத்தாழ 4,000 பேர் மீண்டும் வந்தார்கள். போர் முடிந்திருந்தது, கதவுகள் முன்னைவிட விரைவாகத் திறந்தன. ஆனால் இரத்தம் எடுக்க விடிய வெறும் வயிற்றோடு வர வேண்டும். நாட்கூலிக்குப் போகிறவரிடம் ஒரு காலையைக் கேட்பது சிறிய உதவி இல்லை. எல்லாவற்றையும் ஆயத்தமாக வைத்து, அவர் முதலில் முடித்துப் போகும்படி வேலையை ஒழுங்கு செய்வோம்.

அந்தச் சுற்றில் கண்ட ஒரு சோடி. ஒருகரு சகோதரர்கள், நாற்பதுகளின் கடைசி. ஒருவர் நீண்டகாலம் வளைகுடா நாடொன்றில் வாகனம் ஓட்டிவிட்டுத் திரும்பியவர். மற்றவர் சந்தையில் மரக்கறி மூட்டை இறக்குபவர். ஓட்டுநருக்குச் சீனி வருத்தம், மூட்டை இறக்குபவருக்கு இல்லை. கதை இலகுவாகத் தெரிந்தது: இருந்த இடத்தில் வேலை, கடைச் சோறு, இரவுப் பயணம். ஆனால் பக்கத்தில் இருந்த தாய் வேறொன்று சொன்னார். "இவன் பிறக்கேக்க அரைவாசிதான் பிள்ளை. மற்றவன் இவன்ர சாப்பாட்டையும் சாப்பிட்டிட்டு வந்தவன்." எடை குறைந்து பிறந்தவர் அந்த ஓட்டுநர்.

தாய் சொன்னதை நான் அப்படியே எழுதிக்கொண்டேன். ஏனென்றால் டென்மார்க்கில் 1997இல் வெளிவந்த ஆய்வொன்று இதே இடத்தைத் தொட்டது. ஒருகரு சோடிகளில் ஒருவருக்கு மட்டும் இரண்டாம் வகை நீரிழிவு வந்திருந்தால், அந்த ஒருவரே பெரும்பாலும் குறைந்த எடையோடு பிறந்திருந்தார். தாயின் வயிறு ஒன்றாயிருந்தாலும் இருவருக்கும் கிடைக்கும் பங்கு ஒன்றல்ல. நஞ்சுக்கொடியில் ஒருவருக்கு நல்ல இடம் கிடைக்கும், மற்றவருக்கு ஓரம் கிடைக்கும். கருவில் பட்டினி கிடந்த உடம்பு, பின்னாளில் உணவு பெருகும்போது அதைத் தாங்கமாட்டாமல் தடுமாறுகிறது என்ற கருத்துக்கு அந்தச் சோடிகள் வலுச் சேர்த்தன. எங்கள் ஓட்டுநரின் வருத்தத்தில் வயிறு எவ்வளவு, வளைகுடா எவ்வளவு என்று ஒரு சோடியை வைத்துச் சொல்ல முடியாது. ஆயிரம் சோடிகள் இருந்தால் சொல்லலாம். அதற்குத்தான் பதிவேடு.

ஒத்தவர்களுக்குள் உள்ள வேறுபாடே பெரிய செல்வம் என்பதை எனக்கு ஆழமாக உணர்த்தியது மலாவி நாட்டு ஆய்வு. 2013இல் வெளிவந்தது. 317 இரட்டைச் சோடிகளை அவர்களுடைய முதல் மூன்று வயது வரை பின்தொடர்ந்தார்கள். ஒரே குடிசை, ஒரே சட்டி. ஏறக்குறைய பாதிச் சோடிகள் நலமாயிருந்தன. ஆனால் 43 விழுக்காட்டுச் சோடிகளில் ஒரு பிள்ளைக்குக் கடும் போசாக்கின்மை வந்தது, மற்றதற்கு வரவில்லை. தாய் ஒன்றுக்கு ஊட்டி மற்றதை விட்டுவிட்டாள் என்று ஊர் பேசுமே, அந்தப் பேச்சுக்கு அறிவியல் பதில் சொன்னது. குவாஷியோர்கர் என்ற வீங்கும் நோய் வந்த பிள்ளையின் குடலில் இருந்த நுண்ணுயிர்களை எலிகளுக்குக் கொடுத்து, மலாவி உணவையும் கொடுத்தபோது அந்த எலிகள் வெகுவாக மெலிந்தன. நலமான சகோதரரின் நுண்ணுயிர் பெற்ற எலிகளுக்கு அவ்வளவு மெலிவு இல்லை. உணவு மட்டும் காரணமில்லை, குடலுக்குள் வாழ்பவையும் காரணம் என்று தெரிந்தது. இரட்டைக் குழந்தைகள் இல்லாவிட்டால் தாயை விடுவிக்கும் இந்த முடிவுக்கு வந்திருக்க முடியாது.

இவ்வளவு நல்லதையும் சொல்லும்போது இந்தத் துறையின் கறையையும் சொல்லாமல் விடக்கூடாது. ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் யோசெப் மெங்கலே இரட்டைக் குழந்தைகளைப் பொறுக்கி எடுத்து அவர்கள்மேல் கொடூரமான சோதனைகள் செய்தான். பலர் இறந்தார்கள். உயிர் தப்பிய ஈவா மோசஸ் கோரும் அவருடைய இரட்டைச் சகோதரி மிரியமும் தங்கள் உடலில் என்ன செலுத்தப்பட்டது என்பதை அறியாமலே வாழ்ந்தார்கள். இரட்டையர் ஆய்வுக்கு வரும் ஒவ்வோர் இளைஞரும் இதைப் படித்துவிட்டுத்தான் முதல் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது என் பிடிவாதம்.

ஒப்புதல் என்பது இரட்டையரிடம் இரண்டு ஒப்புதல். "அக்கா சரியெண்டா எனக்கும் சரி" என்பதை நாங்கள் ஏற்பதில்லை. தங்கையைத் தனியே இருத்தி, முழுவதையும் மறுபடி விளக்க வேண்டும். ஒருவர் சம்மதித்து மற்றவர் மறுத்தால், சம்மதித்தவரைக் கொண்டு மறுத்தவரை வற்புறுத்தக்கூடாது. ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கொண்டுபோகக்கூடாது. ஒரு சோடியில் ஒருவர், குழந்தைப் பருவத்தில் வீட்டில் நடந்த ஒன்றைச் சொன்னார், அடுத்த வாரம் மற்றவர், "அவ அதைப்பற்றி ஏதும் சொன்னாவோ?" என்று என்னிடம் கேட்டார். சொல்லமுடியாது என்றேன். அவர் கோபிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் தன் கதையைச் சொன்னார்.

மரபணுச் சோதனை வந்தபோது இந்தச் சிக்கல் இன்னும் கூடியது. ஒருகரு சோடியில் ஒருவருடைய மரபணுவைப் படிப்பது இருவருடையதையும் படிப்பதுதான். ஒருவர் அறிய விரும்புகிறார், மற்றவர் விரும்பவில்லை என்றால் யாருடைய உரிமை பெரிது? இதற்கு எல்லாருக்கும் பொருந்தும் விடையை நான் இன்னும் காணவில்லை. இரத்தம் எடுப்பதற்கு முன்பே இருவரோடும் பேசிவிடுவது மட்டுமே நான் நம்பும் வழி.

முழு மரபணுத் தொகுதியையும் படிக்கும் கருவிகள் வந்த பிறகு, இனி இரட்டையர் எதற்கு என்று கேட்டார்கள். ஆனால் அந்தக் கருவிகள் எழுத்துகளைப் படிக்கும்; ஒரே எழுத்து இரண்டு உடம்பில் ஏன் இருவேறாக நடக்கிறது என்று கேட்க இன்னும் ஒருகரு சோடிதான் வேண்டும். நாசாவே ஸ்கொட் கெலி விண்வெளியில் 340 நாட்கள் இருந்தபோது, பூமியில் இருந்த அவருடைய ஒருகரு சகோதரர் மார்க்கோடு ஒப்பிட்டுத்தான் மாற்றங்களை அளந்தது.

மார்புப் புற்றுநோய் வந்த ஒரு பெண்ணின் ஒருகரு தங்கை, எங்கள் நிலையத்துக்கு வந்து ஒரு மணி நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: "எனக்கும் நாள் குறிச்சாச்சா, அக்கா?" நோர்டிக் நாடுகளில் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட இரட்டையரைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்து 2016இல் வெளியிட்ட கணக்கு என்னிடம் இருந்தது. அங்கே வாழ்நாளில் ஏதாவதொரு புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 32 விழுக்காடு. இருகரு சகோதரருக்கு வந்திருந்தால் 37. ஒருகரு சகோதரருக்கு வந்திருந்தால் 46. கூடுகிறது, ஆனால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வரவில்லை. இருவருக்கும் வந்த சோடிகளிலும் பெரும்பாலும் வெவ்வேறு புற்றுநோய்கள். இதைச் சொல்லி, உங்களுக்கு நாள் எதுவும் குறிக்கப்படவில்லை, ஆனால் மற்றவர்களைவிடக் கவனமாக இருக்க வேண்டும், உடனே மார்பகப் பரிசோதனைக்குப் போங்கள் என்றேன். போனார். அப்போது எதுவும் இல்லை. தொடர்ந்து போய்க்கொண்டிருக்கிறார்.

அந்தத் தங்கைக்கு நான் சொன்ன எண்கள் டென்மார்க், பின்லாந்து, நோர்வே, சுவீடன் மக்களுடையவை. எங்கள் பெண்களுடைய எண் என்னிடம் இல்லை. இதுதான் என் நெடுநாள் வருத்தம். 50 ஆண்டுகளில் உலகில் நடந்த இரட்டையர் ஆய்வுகளை 2015இல் ஒன்றாகத் தொகுத்தார்கள்: 2,748 கட்டுரைகள், 17,804 பண்புகள், மரபின் பங்கு சராசரி 49 விழுக்காடு. அந்தத் தரவில் மிகப் பெரும் பகுதி செல்வந்த மேற்கு நாடுகளிலிருந்து வந்தது. ஆனால் உலகில் ஆண்டுக்குப் பிறக்கும் ஏறத்தாழ 16 இலட்சம் இரட்டைச் சோடிகளில் ஐந்தில் நான்கு பங்கு ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் பிறக்கிறது. சுவீடன் பெண்களின் எண்ணே ஒரு தலைமுறைக்குள் பூச்சியத்திலிருந்து 63 ஆகுமென்றால், அவர்களுடைய எண்ணை எடுத்துக் கொழும்புக்கோ மட்டக்களப்புக்கோ எப்படிப் பொருத்துவது?

வீட்டில் இரட்டைக் குழந்தை பிறந்தால், எது முதலில் பிறந்தது, ஒவ்வொன்றின் பிறப்பு எடை என்ன, நஞ்சுக்கொடி ஒன்றா இரண்டா, முதல் மூன்று மாதத்து ஸ்கேன் என்ன சொன்னது என்பதைப் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் எழுதுவித்து, அந்தப் புத்தகத்தைப் பத்திரமாக வையுங்கள். முப்பது வருடத்துக்குப் பிறகு அந்த எண்களைத் தேடி எங்களைப் போன்றவர்கள் வருவார்கள். தாயின் நினைவை மட்டும் நம்பி நாங்கள் இழந்த தகவல் ஏராளம். பிரசவ விடுதித் தாதிமாரே, இரண்டு நஞ்சுக்கொடி என்பதால் ஒருகரு இல்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். வளர்ந்த இரட்டையர்களே, உங்களில் ஒருவருக்கு மட்டும் ஒரு நோய் வந்திருந்தால் மற்றவரும் போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஆராய்ச்சியாளர் ஒருவர் உங்கள் கதவைத் தட்டினால், ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி இருக்கிறதா, உங்கள் இரத்தத்தை எங்கே வைத்திருப்பார், விரும்பாதபோது விலக முடியுமா என்று மூன்றையும் கேளுங்கள். விடை திருப்தியாக இருந்தால் இருவரும் தனித்தனியே யோசித்துச் சம்மதியுங்கள்.